நேர்க்கழியா, வளைஞ்ச கழியா?

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு பேட்டன்ட் போடலாம்னு ஐடியா இருக்கா? அப்போ ஒரு நிமிஷம் இங்கிலாந்துக் கடற்கரைக்கு வாங்க.

விண்ட்சர்ஃபிங் தெரியும்ல? பலகை மேல நின்னுக்கிட்டு, பாயைக் கையால பிடிச்சு, காத்துல சீறுற விளையாட்டு. அமெரிக்காவின் ஹோய்ல் ஷ்வைட்சர், ஜிம் டிரேக் இருவரும் 1968-ல் இதற்கு பேட்டன்ட் கேட்டு, 1970-ல் வாங்கினார்கள். பிரிட்டனிலும் பேட்டன்ட் இருந்தது. அங்கே டாபர் மரைன் என்ற கம்பெனி அதே மாதிரி பலகை விற்க, கேஸ் கோர்ட்டுக்குப் போனது.

டாபர் தரப்பு யாரைத் தேடிப் பிடிச்சது தெரியுமா? பீட்டர் சில்வர்ஸ். 1958-ல், 12 வயசில், ஹேலிங் தீவுக் கடலில் தானே செய்த பாய்ப்பலகையில் சுற்றியவர். பேட்டன்ட் கிடையாது, பேப்பர் எதுவும் எழுதலை. ஆனா, ஊர் பார்க்க ஓட்டியிருக்கிறார். சட்டத்துக்கு அது போதும்!

இங்கேதான் இருக்கு மேட்டரே. ஒரு க்ளெய்ம் பழசுன்னு சொல்லணும்னா, அதில் இருக்கிற ஒவ்வொரு அம்சமும் முன்னாடி வந்த ஒரே பொருளில் இருக்கணும். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம்னு ஒட்டுப்போட முடியாது. டிக் அடிச்சுப் பாருங்க. பலகை? இருக்கு. எந்தப் பக்கமும் சாயுற மூட்டில் நிற்கும் பாய்மரம்? இருக்கு. பாயின் ரெண்டு பக்கமும் வில்லா வளைஞ்ச கழிகள்? அய்யோ... பையனோட கழிகள் நேரானவை!

அவ்வளவுதானா? இல்லை பாஸ். காத்து பாயை நிரப்பினதும் அந்த நேர்க்கழியே வில்லா வளைஞ்சுடும். கரையில் கிடக்கும்போது பார்க்கணுமா, கடலில் ஓடும்போதா? ஓடும்போது என்ன ஆகுதுன்னுதான் கோர்ட் பார்த்தது. 1980-களில் அப்பீலிலும் பேட்டன்ட் செல்லாதுன்னே தீர்ப்பு. எனக்கு இது நியாயமாத்தான் படுது. பத்து வருஷம் முன்னாடியே ஒருத்தன் செஞ்சு விளையாடினதை, பின்னாடி வந்தவர் தடுத்தா எப்படி?

1965-ல் பாப்புலர் சயின்ஸ் பத்திரிகையில் நியூமன் டார்பி எழுதின கட்டுரையும் கோர்ட்டுக்கு வந்தது. அதில் பாய் பட்டம் மாதிரி. அதே பொருள் இல்லை. ஆனா, 'இதைப் படிச்ச விவரமான ஆளுக்கு அடுத்த ஸ்டெப் தானா தோணுமா?' என்பது தனிக் கேள்வி. அதுக்கு கோர்ட் சொன்ன பதில், தோணும்!

சரி, உங்க புராஜெக்ட்? சிம்போசியத்தில் எல்லாருக்கும் ஓட்டிக் காட்டிட்டு அப்புறம் விண்ணப்பிச்சா, உங்களுக்கு எதிரா வந்து நிக்கப்போற பழைய பொருள் உங்களோடதாவே இருக்கலாம். நம்ம சட்டத்தில் விதிவிலக்குகள் கொஞ்சம்தான். முதல்ல ப்ரொவிஷனல் விண்ணப்பம் போட்டுடுங்க (ஆன்லைன்லயே முடியும், ஆபீஸ் சென்னை கிண்டியில்). முழு விவரம் கொடுக்க 12 மாசம் டைம் இருக்கு.