பிள்ளையின் கணினிக்குக் கிராபிக்ஸ் கார்ட் வேண்டுமா?



உயர்தரம் முடித்து, வீட்டில் இருந்தபடியே கணினியில் நாலு காசு தேட விரும்பும் பெண் பிள்ளைகள் இப்பொழுது பதுளை, பசறை, வெலிமடைப் பக்கங்களிலும் இருக்கிறார்கள். கல்யாண அழைப்பிதழ், கடை விளம்பரம், வீட்டு வரைபடம் என்று வேலைகள் பல. இத்தகைய வீடுகளுக்குக் கட்டுப்படியாவது காரியாலயத்தில் பாவித்துக் கழித்த கணினிதான். அது மெதுவாக ஓடினால், “கிராபிக்ஸ் கார்ட் போட்டால் சரியாகிவிடும்” என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். உம்மாவின் சீட்டுக் காசு அதில் போய்விடுகிறது. கொடுக்குமுன் சற்றுப் பொறுங்கள்.

திரையில் படம் காட்டுவதற்கென்று கணினியில் ஒரு சில்லு உண்டு. முன்பு அது தாய்ப்பலகையில் இருந்தது. இன்டெல் நிறுவனம் 2011இல் அதைப் புரொசெஸர் சில்லுக்குள்ளேயே சேர்த்துவிட்டது. இதற்குச் சொந்த நினைவகம் கிடையாது. கணினியின் ரெம் நினைவகத்தில்தான் பங்கு கேட்கும். ஒரே அடுப்பில் இரண்டு குடும்பம் சமைப்பது போல. தனிக் கார்ட் என்பது சொந்த நினைவகமும் விசிறியும் கொண்ட தனி அடுப்பு.

எல்லோருக்கும் தனி அடுப்பு தேவையில்லை. கடிதம் அடிக்க, இணைய வகுப்புப் பார்க்க, அழைப்பிதழ் வடிவமைக்க உள்ளே இருக்கும் சில்லே போதும். வீடியோ தொகுப்பு, முப்பரிமாண வரைபடம் ஆகியவற்றுக்கே கார்ட் பெரிதும் உதவும். சோதிப்பதும் எளிது. விண்டோஸ் 10 கணினியில் வேலை இழுபடும் நேரத்தில் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். வரும் பட்டியலில் நினைவகம் நிறைந்திருந்தால் ரெம் கூட்டுங்கள். ஒற்றை ரெம் உள்ள இடத்தில் இன்னொன்றை ஜோடி சேர்த்தால் உள்ளிருக்கும் படச் சில்லும் வேகம் பெறும். டிஸ்க் 100 வீதத்தில் நின்றால் பழைய ஹார்ட் டிஸ்கை மாற்றி எஸ்.எஸ்.டி. போடுங்கள். ஜீ.பீ.யூ. என்ற இடம் நிறைந்திருந்தால் மட்டுமே கார்டைப் பற்றி யோசியுங்கள்.

அப்பொழுதும் பெட்டியைத் திறந்து பாருங்கள். காரியாலயப் பெட்டிகளில் பல ஒடுக்கமானவை; குள்ளக் கார்ட் மட்டுமே நுழையும். அவற்றின் பவர் சப்ளையும் சிறியது. தாய்ப்பலகையிலுள்ள செருகுமிடம் கார்டுக்குத் தரக்கூடிய மின்சாரம் 75 வாட். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்குத் தனி வயர் வேண்டும். பவர் சப்ளையும் அதைத் தாங்க வேண்டும்.

இனி வாங்கும் விஷயம். 2022 மார்ச் ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. இறக்குமதிப் பொருள் எட்டாமல் போகவே, பாவித்த பொருளின் பக்கம் கண் போவது இயற்கை. அதே ஆண்டு செப்டெம்பரில் எதீரியம் என்ற இணைய நாணயத்தைக் கார்ட் வைத்து உண்டாக்கும் முறை நின்றது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகெங்கும் சந்தைக்கு வந்தன. பழைய கார்டுக்குள் மென்பொருளை மாற்றி, புதிய பெயர் காட்டச் செய்யும் மோசடியும் உண்டு. ஜீ.டீ. 1030 என்ற ஒரே பெயரில் இருவகை நினைவகத்துடன் கார்டுகள் உள்ளன. ஜீ.டீ.டீ.ஆர். 5 உள்ளது வேகமானது, டீ.டீ.ஆர். 4 உள்ளது மிக மந்தம். பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைக்காததைக் கண்டித்தார்கள். குறையைச் சொல்லி விற்பது வியாபாரியின் கடமை. நம்மவர் கடைகளுக்கும் இது பொருந்தும். கைவிட்டுப் பார்க்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. ஜீ.பீ.யூ.-இஸட் என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். போலிக் கார்டுகள் பலவற்றை அது காட்டிக்கொடுக்கும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, திரையில் கோடு விழுகிறதா என்றும் பாருங்கள். உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள். பதுளை ரயில் பாதை முடியும் ஊர்; கொழும்பில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க ஒரு நாள் பயணம் போகும்.

பொருத்தும் வேலையைப் பிள்ளையே செய்யட்டும். மின் இணைப்பைக் கழற்றி, பெட்டியின் இரும்பைத் தொட்டு உடலிலுள்ள மின்னேற்றத்தைப் போக்கியபின் கார்டைச் செருக வேண்டும். திரையின் வயரைப் பழைய இடத்திலிருந்து கழற்றிக் கார்டில் மாட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு, கார்ட் பழுது என்று கடைக்குத் தூக்கிச் செல்வோர் பலர்.

உங்கள் மகளுக்குக் கார்டைவிடப் பெரிய மூலதனம் இந்த அறிவுதான். தேவையறிந்து செலவு செய்யும் வீடுகளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, ஆமீன்.