வெயில் கொசுவைக் கொன்றுவிடுமாம்

பூமி சூடானால் கொசு செத்துத்தானே போகும் என்று வாதிடும் நண்பர் பாதிப் பாடத்தோடு புத்தகத்தை மூடிவிட்டார். 35 டிகிரியைத் தாண்டினால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் தளரும், மெய்தான். ஆனால் அது சித்திரை வெயிலில் கம்பம் மெயின்ரோட்டிலா நிற்கிறது? நம் வீட்டுக் கட்டிலடி நிழலில் ஒதுங்கியிருக்கிறது.

அவர் மறந்தது வைரஸை. கொசு உறிஞ்சிய வைரஸ் அதன் எச்சில் சுரப்பியை எட்ட 25 டிகிரியில் இரண்டு வாரம் போல ஆகும். 30 டிகிரியில் ஏறக்குறைய ஒரு வாரம் போதும். சில வாரமே வாழும் பூச்சியில் ஏறிய வைரஸுக்கு அது பெரிய லாபம்.

மலைக்காற்று காக்கும் என்கிறார். கம்பம் சுமார் 400 மீட்டர் உயரம், குமுளி 900ஐ ஒட்டி, மேகமலை 1,500. மலேரியாவின் வைவாக்ஸ் கிருமி கொசுவுக்குள் வளரச் சுமார் 16 டிகிரியாவது வேண்டும். மேலே குளிர்தான் காவல். வெப்பம் தளர்த்துவது அந்தக் காவலைத்தான். கிருமி மலையேற, தினமும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் இருக்கவே இருக்கின்றன.

இன்னொன்று: வெயில் முற்றினால் குழாய் வறளும், வீட்டுக்கு வீடு டிரம் நிறையும். ஏடிஸுக்கு வேறென்ன தொட்டில் வேண்டும்? தண்ணீர் வற்றினாலும் டிரம்மின் உட்சுவரில் அதன் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக் கிடக்கும்.