நினைவு மலர்களில் இல்லாத பாட்டிகள்

களக்காட்டிலும் அதைச் சுற்றியுள்ள டோனாவூர், நாங்குநேரிப் பகுதிகளிலும் கிறிஸ்தவக் குடும்பத்து மூதாட்டி ஒருவர் மறைந்தால், நினைவு ஸ்தோத்திரக் கூட்டத்துக்கெனச் சிறு மலர் ஒன்றை அச்சிடும் வழக்கம் உண்டு. அட்டையில் புகைப்படம், அதன் கீழே ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்ற வரி, உள்ளே அரைப்பக்க வாழ்க்கைக் குறிப்பு. அந்த அரைப்பக்கத்தைப் பற்றித்தான் இங்கே சிறிது பேச விரும்புகிறோம்.

அம்மையார் பிறந்த ஊர், தகப்பனாரின் உத்தியோகம், கணவரின் உத்தியோகம், பிள்ளைகளின் பட்டங்கள், அவர்கள் குடியேறிய நகரங்கள் ஆகியவை அதில் தவறாமல் வந்துவிடும். எண்பது ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு எஞ்சுவது மூன்று அடைமொழிகள்: பக்தியுள்ள மனைவி, பாசமிக்க தாய், ஜெபிக்கிற பாட்டி. இவை பொய் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் புகைப்படத்தை மாற்றிவிட்டால் அதே குறிப்பு அடுத்த தெருவில் மறைந்த அம்மையாருக்கும் பொருந்திவிடுகிறதே! எழுதியவர்களுக்கு அன்பு குறைவு என்று இதைக் கொள்ள முடியாது. பெண்ணின் வாழ்வில் எழுதத் தக்கது எது என்ற கேள்வி நம் வீடுகளில் எழவே இல்லை என்பதுதான் உண்மை.

எழுந்த வீடு ஒன்று உண்டு. அதன் வேரும் நெல்லைச் சீமையில்தான். தென்னிந்திய ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியக் குருக்களில் ஒருவரான ஜான் தேவசகாயத்தின் மகள் அன்னாள். பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் பயின்று கிறிஸ்தவரான டபிள்யூ.டி. சத்தியநாதனுக்கு மனைவியானார். 1860களில் கணவர் சென்னைக்கு மாற்றலானபோது உடன் சென்றவர், சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயக் குருவின் மனைவி என்ற அளவில் நின்றுவிடவில்லை. பெண்களுக்குப் பள்ளிகள் நடத்தினார். வெளியே வர இயலாத இந்துப் பெண்களுக்கு அவர்கள் வீடு தேடிச் சென்று எழுத்தறிவித்தார். அந்தப் பணியைக் குறித்துத் தாமே எழுதினார். பிள்ளை வளர்ப்பைப் பற்றித் தமிழில் ‘நல்ல தாய்’ என்ற நூலையும் எழுதினார். 1890-இல் மறைந்தார்.

நினைவு மலரின் இலக்கணப்படி இவரும் பக்தியுள்ள மனைவி, பாசமிக்க தாய் என்று முடிந்துபோயிருக்கலாம். அவ்வாறு முடியாததற்குக் காரணம் அந்த வீட்டில் எழுதும் பழக்கம் இருந்தது என்பதே. சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்க வந்து அவ்வீட்டில் தங்கிய கிருபாபாய், பின்னர் அன்னாளின் மகன் சாமுவேலை மணந்தார். ‘சகுணா’, ‘கமலா’ என்ற இரு ஆங்கில நாவல்களை எழுதிவிட்டு 1894-இல் முப்பத்திரண்டு வயதில் மறைந்தார். சாமுவேலின் இரண்டாம் மனைவியான கமலா சத்தியநாதன் 1901-இல் பெண்களுக்கென ஆங்கில இதழொன்றைத் தொடங்கி நடத்தினார். கமலாவின் மகள் பத்மினி சென்குப்தா தம் தாயின் வாழ்க்கையை 1956-இல் நூலாக்கினார். பத்மினி தம் பாட்டி அன்னாளைக் கண்டதில்லை. அவர் பிறக்கும் முன்பே பாட்டி காலமாகிவிட்டார். ஆயினும் 2005-இல் யூனிஸ் டிசோசா அக்குடும்பத்தாரின் எழுத்துகளைத் தொகுத்துச் சாகித்திய அகாதெமி வழியாக வெளியிட முடிந்தது. மாமியாரும் மருமக்களும் பேத்தியும் எழுதி வைத்திருந்தார்கள். அவ்வளவுதான்.

களக்காட்டுக்கு இன்னும் அருகிலும் ஒரு சான்று உண்டு. டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையாருடன் பணியாற்றிய பொன்னம்மாள் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். ஒரு பெண் குழந்தைக்குத் தாய். நெய்யூரில் ஆதரவற்ற கைக்குழந்தைகளைப் பேணியவர். அவர் 1915-இல் மறைந்த பின் ஏமி அம்மையார் அவருக்கெனத் தனி நூலே எழுதினார். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்நூலை எங்கோ ஐரோப்பாவில் இருந்தவர்கள் படித்து அறிந்த பொன்னம்மாளை, நம் பக்கத்து வாசகர்களில் எத்தனை பேர் அறிவர்?

(கால்டுவெல்லுக்கு மெரீனாவில் சிலை இருக்கிறது. இடையன்குடிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து அவர்கள் கைக்குக் கூலி கிடைக்கச் செய்த எலிசா அம்மையார், ‘கால்டுவெல்லின் துணைவியார்’ என்ற சொல்லுக்குள்ளேயே இன்னும் இருக்கிறார். இது வேறு கதை போலத் தோன்றினும் வேறு கதை அன்று.)

இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டுமே சொல்ல வேண்டும், அதுவே சபையின் ஒழுங்கு என்று மூத்தோர் சிலர் கூறுவர். மறுக்கவில்லை. நல்லதைத்தான் இன்னும் விவரமாகச் சொல்லுங்கள் என்கிறோம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் இட்டுக் காணிக்கையாகக் கொண்டுபோன பெண்மணி, பஞ்ச காலத்திலும் அதை நிறுத்தவில்லையா? நிறுத்தியிருந்தால் அதைப் பற்றி என்ன சொன்னார்? வாழைத்தோட்டத்துக் கணக்கை யார் பார்த்தார்? எந்தக் கீர்த்தனையை அடுப்படியில் முணுமுணுத்தார்? பிள்ளை ஒன்று இறந்தபோது எத்தனை ஞாயிறு கோயிலுக்குப் போகாமலிருந்தார்? கடைசிக் கேள்விக்கான விடை அவரது பக்தியைக் குறைத்துவிடும் என்று குடும்பத்தார் அஞ்சக்கூடும். நமக்கோ, அந்த ஞாயிறுகளுக்குப் பின் அவர் மீண்டும் எழுந்து போனதில்தான் அந்தப் பக்தி கண்ணுக்குத் தெரிகிறது.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இதில் சுயநலமும் உண்டு. நெல்லைக் கிறிஸ்தவ வாழ்வைப் பற்றி இனி ஒருவர் நாவல் எழுத முற்பட்டால், ஆயர்களின் நாட்குறிப்பும் மிஷன் அறிக்கையும் அவருக்குக் கிடைக்கும். அடுப்படி கிடைக்காது. அறிக்கைகள் பெண்களை ‘உதவியாளர்’ என்றே பார்த்தன. நினைவு மலர்கள் பாட்டி என்று பார்க்கின்றன. இரண்டுக்கும் இடையில் ஒரு மனுஷி நழுவிவிடுகிறார்.

பாட்டி உயிரோடிருக்கும்போதே ஒரு பேத்தி நோட்டுப் புத்தகத்துடன் பக்கத்தில் உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்துவிடும். அதற்கும் வழியில்லாமல் போனால், அவருடைய வேதாகமம் இருக்கிறது. பல வீடுகளில் அதன் முதல் பக்கத்தில்தான் பிறப்பும் ஞானஸ்நானமும் மரணமும் அவர் கையெழுத்தில் வரிசையாக இருக்கும். ஓரங்களில் தேதியிட்ட கோடுகள் இருக்கும். சிலர் அந்த வேதாகமத்தையே பெட்டிக்குள் வைத்து அடக்கம் செய்துவிடுகிறார்கள். வைக்கட்டும். மூடும் முன் அந்தப் பக்கங்களை யாராவது கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.