கேரவன் சுற்றுலா: இரவில் வண்டியை எங்கே நிறுத்துவது என்பதே முதல் கேள்வி

புதுடெல்லி: படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வாகனமாகவே தமிழர்களிடையே நெடுங்காலம் அறியப்பட்டிருந்த கேரவன், இப்போது குடும்பச் சுற்றுலாவுக்கான வாகனமாகவும் மாறி வருகிறது. படுக்கை, சமையல் மேடை, குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை ஆகியவற்றுடன் கூடிய வண்டிகளைப் பல மாநிலங்களில் தனியார் நிறுவனங்கள் வாடகைக்கு விடுகின்றன. விடுமுறை நெருங்கும்போது லடாக்கா, கேரளாவா, நியூசிலாந்தா என்ற விவாதம் குடும்பங்களில் எழுகிறது.

ஆனால், விடுதியில் தங்கும் பயணத்துக்கும் கேரவன் பயணத்துக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. முன்னதில் ஊரைத் தேர்ந்தெடுத்த பிறகு அறையைத் தேடலாம். பின்னதில், இரவில் வண்டியைச் சட்டப்படியும் பாதுகாப்பாகவும் நிறுத்துவதற்கான இடம், குடிநீர், மின் இணைப்பு, கழிவை இறக்கும் வசதி ஆகிய நான்கும் கிடைக்கும் ஊர்களையே தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது. இந்தியாவில் கேரவன் சுற்றுலா பேசப்படும் அளவுக்கு வளராமல் இருப்பதற்கான காரணமும் இங்குதான் உள்ளது.

வண்டிகள் முன்னே, நிறுத்தங்கள் பின்னே

கேரவன்களுக்கும் அவற்றுக்கான முகாம் பூங்காக்களுக்கும் மத்திய சுற்றுலா அமைச்சகம் பல ஆண்டுகளுக்கு முன்பே தனிக் கொள்கை வகுத்தது. போதிய விடுதிகள் இல்லாத இடங்களுக்கும் பயணிகளைக் கொண்டு செல்லலாம் என்பதே அதன் அடிப்படை நோக்கம். மகாராஷ்டிர அமைச்சரவை 2021-ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாக் கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. தமிழ்நாடு அரசு 2023-இல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலும், முன்னுரிமை பெறும் 12 பிரிவுகளில் ஒன்றாகக் கேரவன் சுற்றுலா இடம்பெற்றுள்ளது.

இவற்றில் அதிகக் கவனம் பெற்றது, 2021 செப்டம்பரில் கேரளம் அறிவித்த 'கேரவன் கேரளா' திட்டமாகும். படகு வீடுகளால் உலகச் சுற்றுலா வரைபடத்தில் இடம்பிடித்த அம்மாநிலம், அடுத்த அடையாளமாகக் கேரவனை முன்னிறுத்தியது. வண்டி வாங்குவோருக்கு மானியம் அறிவித்ததுடன், பூங்காவுக்கான இலக்கணத்தையும் அது வகுத்தது. குறைந்தது 50 சென்ட் நிலமும், ஐந்து வண்டிகள் நிற்பதற்கான இடமும் இருந்தால் தனியாரும் பூங்கா தொடங்கலாம் என்றது. 2022 பிப்ரவரியில் இடுக்கி மாவட்டம் வாகமணில் முதல் பூங்கா திறக்கப்பட்டது.

எனினும், தொடக்கத்தில் காணப்பட்ட ஆர்வத்துக்கு ஏற்ப வண்டிகளும் பூங்காக்களும் பெருகவில்லை. நிறுத்தங்கள் சங்கிலித் தொடர்போல் அமைந்தால்தான் வாடகை வண்டிக்குத் தேவை உண்டாகும். வண்டிகள் வந்து நின்றால்தான் பூங்காவுக்கு வருமானம் கிடைக்கும். இரு தரப்பும் மற்றவர் முதலில் முதலீடு செய்யட்டும் எனக் காத்திருக்கும் நிலையில், மானியத்தால் மட்டும் இந்த முடிச்சு அவிழாது.

இதற்கு நேர்மாறான அனுபவம் மூணாறில் கிடைத்தது. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2020-ஆம் ஆண்டின் இறுதியில் பழைய பேருந்துகளைப் படுக்கை அறைகளாக மாற்றித் தனது பணிமனையிலேயே நிறுத்தி வைத்தது. தொடக்கத்தில் ஒரு படுக்கைக்கு இரவொன்றுக்கு 100 ரூபாய் மட்டுமே வசூலிக்கப்பட்டது. அந்தப் பேருந்துகள் எங்கும் நகரவில்லை. ஆயினும் பயணிகள் தேடி வந்தனர். காவலும் கழிப்பறையும் உள்ள இடத்தில் குறைந்த செலவில் ஓர் இரவைக் கழிப்பதற்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்பதை இது உணர்த்தியது.

உள்நாட்டில் எதைக் கவனிப்பது?

தமிழ்நாட்டிலிருந்து புறப்படுவோர் முதலில் எண்ணிப் பார்ப்பது மலை வாசத்தலங்களையே. ஆனால் கேரவனுக்கு அவை எளிய தேர்வல்ல. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான பருவத்தில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என வரம்பு விதிக்கப்பட்டது. கொடைக்கானலுக்கு இது முறையே 4,000, 6,000 ஆகும்.

காட்டு வழிகளில் நேரக் கட்டுப்பாடும் உண்டு. பந்திப்பூர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்துக்குத் தடை உள்ளது. 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட திம்பம் மலைப்பாதையிலும் இரவுப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. சோதனைச் சாவடியைத் தாமதமாக அடைந்தால், எந்த வசதியும் இல்லாத சாலையோரத்தில் விடியும் வரை காத்திருக்க நேரிடும்.

வடக்கே செல்வோருக்கு லடாக் பெருங்கனவு. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட, 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை ரோஹ்தாங் கணவாயின் இடரைக் குறைத்துள்ளது. ஆயினும் லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மணாலி - லே சாலை கோடை மாதங்களில் மட்டுமே திறந்திருக்கும். கனமான வண்டியை முதன்முறையாக ஓட்டுவோர், சமதளச் சாலைகள் நிறைந்த ராஜஸ்தானையோ குஜராத்தின் கட்ச் பகுதியையோ குளிர்காலத்தில் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பானது.

சொந்த வேனைக் கேரவனாக மாற்றிக்கொள்ள நினைப்போரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தயாரிப்பாளர் அளித்த அடிப்படை விவரங்களிலிருந்து வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. உரிய ஒப்புதலின்றி மாற்றப்பட்ட வண்டி விபத்துக்குள்ளானால், காப்பீட்டுத் தொகை பெறுவதிலும் சிக்கல் எழக்கூடும்.

வெளிநாடுகள் தரும் பாடம்

வெளிநாட்டில் தாமே வண்டி ஓட்ட விரும்பும் இந்தியர், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டைப் பெறலாம். அது ஓராண்டுக்குச் செல்லும். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் இந்தியாவைப் போலவே சாலையின் இடப்புறம் வாகனங்கள் செல்வதால், முதல் பயணத்துக்கு அவை ஏற்றவை.

நியூசிலாந்தில் திறந்தவெளியில் இலவசமாகத் தங்குவதை ஒழுங்குபடுத்த 2011-இல் சட்டம் இயற்றப்பட்டது. சாலையோரங்கள் அசுத்தமாவதாக உள்ளூர் மக்கள் தொடர்ந்து முறையிட்டதால், 2023-இல் விதிகள் கடுமையாக்கப்பட்டன. உள்ளாட்சி நிலத்தில் வண்டியில் தங்குவோரின் வாகனத்தில் நிலையாகப் பொருத்தப்பட்ட கழிப்பறை இருப்பது பொது விதியாயிற்று. அதே வேளையில், கழிவை இறக்கும் நிலையங்களும் ஊர்தோறும் பரவலாக அமைக்கப்பட்டுள்ளன.

பிரிட்டனின் வழி வேறு. 1960-ஆம் ஆண்டின் சட்டப்படி கேரவன் தளங்களுக்கு உள்ளாட்சியின் உரிமம் தேவை. ஆனால், அங்கீகரிக்கப்பட்ட கேரவன் சங்கங்கள் சான்றளிக்கும் சிறிய தளங்களுக்கு விலக்கு உண்டு. ஐந்து வண்டிகள் வரை நிற்கும் இத்தகைய தளங்களைப் பல விவசாயிகள் தங்கள் வயலோரத்திலேயே நடத்துகின்றனர். குடிநீர்க் குழாயும் கழிவிறக்கும் வசதியும் இருந்தால் போதும். பெரிய முதலீடு தேவையில்லை. ஜெர்மனியில் நகராட்சிகளே ஊர் எல்லையில் நிறுத்தங்களை அமைத்துள்ளன. அங்கு தங்குவோர் உள்ளூர்க் கடைகளிலும் உணவகங்களிலும் செலவழிப்பது ஊருக்கு வருவாயாகிறது.

கட்டற்ற பயணத்துக்குப் பெயர்பெற்ற ஸ்காட்லாந்திலும் நார்வேயிலும்கூட, இயற்கை வெளிகளில் உலவும் உரிமை நடந்து செல்வோருக்கு உரியதே தவிர, மோட்டார் வாகனங்களுக்குப் பொருந்தாது. காணொளிகளில் ஏரிக்கரையில் தனித்து நிற்கும் வண்டியைக் கண்டு பயணத்தைத் திட்டமிடுவோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

தமிழ்நாட்டுக்கு என்ன வாய்ப்பு?

இந்த நாடுகளின் அனுபவத்தை நோக்கும்போது, தமிழ்நாட்டுக்குத் தேவை பிரம்மாண்டமான பூங்காக்கள் அல்ல என்பது புலனாகிறது. மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதிகள் மாமல்லபுரம், ஏற்காடு, ராமேசுவரம், கன்னியாகுமரி எனப் பல ஊர்களில் ஏற்கெனவே இயங்குகின்றன. இடவசதியுள்ள வளாகங்களில் ஐந்து வண்டிகளுக்கு மின் இணைப்பும் குடிநீரும் அளித்தாலே, கடற்கரையோரமாக ஒரு பயணத் தடம் உருவாகிவிடும்.

கழிவு மேலாண்மைக்கும் அடித்தளம் உள்ளது. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழி போன்ற ஊர்களில், கழிவுநீர்த் தொட்டிகளிலிருந்து எடுக்கப்படும் கசடைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் செயல்படுகின்றன. கேரவன் கழிவையும் முறைப்படி அங்கே கொண்டு சேர்க்க ஏற்பாடு செய்யலாம். அவ்வாறு செய்யாமல் வண்டிகளை மட்டும் பெருக்கினால், அதன் சுமை ஆறுகளின் மீதும் கடற்கரைகளின் மீதும், அவற்றைத் தூய்மைப்படுத்தும் தொழிலாளர்களின் மீதுமே விழும்.

அதுவரை, முன்பதிவு செய்யும் குடும்பங்கள் வண்டி நிறுவனத்திடம் ஒவ்வோர் இரவுக்குமான நிறுத்தத்தின் பெயரை எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறுவது அவசியம். அங்கு நீரும் மின்சாரமும் உண்டா, கழிவை யார் எங்கே அகற்றுவார், அந்த வழியில் இரவுத் தடை உள்ளதா என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்கும் ஊரே, இன்றைய நிலையில் கேரவன் பயணத்துக்கு ஏற்ற ஊராகும்.