ஆற்றங்கரைப் பாதை யாருக்கு?

நகரங்களின் ஆற்றங்கரைகளிலும் குளக்கரைகளிலும் இன்று சைக்கிள் பாதைகள் போடுகிறார்கள். கரையைக் கட்டி, கல் பாவி, மரம் நட்டு, விளக்குப் போட்டு, "வாருங்கள், சுற்றிப் பாருங்கள்" என்று அழைக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு மந்திரிகள் வருகிறார்கள். உழைப்பாளி மக்கள் இதை எப்படிப் பார்க்க வேண்டும்? "இது வசதி படைத்தவன் பொழுதுபோக்கு, நமக்கென்ன?" என்று ஒதுங்கிவிடலாமா? அல்லது "ஊர் அழகாகிறது" என்று கைதட்டலாமா? இரண்டுமே தவறு என்பது நமது கருத்து.

சைக்கிள் உழைப்பாளியின் வாகனம். 2011ம் வருட ஜனத்தொகைக் கணக்கைப் பாருங்கள். விவசாயமும் வீட்டுத் தொழிலும் நீங்கலாக, மற்ற வேலைகளுக்குப் போகிறவர்களில் சுமார் 2 கோடியே 60 லட்சம் பேர் சைக்கிளில் போனார்கள். சுமார் 4½ கோடிப் பேர் நடந்தே போனார்கள். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக் கொண்டு ஷிப்டுக்குப் போகிறவனைவிட நல்ல பாதை யாருக்குத் தேவை?

வேலைக்குப் போக மட்டும்தானா? இல்லை. ஓய்வும் உல்லாசமும் பாட்டாளிக்கும் உரிமையே. ஜெர்மனியில் 1896ம் வருடத்திலேயே தொழிலாளர்கள் "ஒற்றுமை" என்ற பெயரில் தங்கள் சொந்த சைக்கிள் சங்கத்தை அமைத்தார்கள். விடுமுறை நாட்களில் கூட்டம் கூட்டமாக ஊர் சுற்றினார்கள். அதே சைக்கிளில் கிராமம் கிராமமாகத் துண்டுப் பிரசுரங்களையும் கொண்டு போனார்கள். ஒப்பென்பாக் நகரில் சொந்தத்தில் சைக்கிள் தொழிற்சாலையும் நடத்தினார்கள். 1933ல் ஹிட்லர் ஆட்சி அந்தச் சங்கத்தைத் தடை செய்தது. தொழிலாளி ஒன்று சேர்ந்து சைக்கிள் விட்டால்கூட பாசிஸ்டுகளுக்குப் பொறுக்கவில்லை!

ஆகவே ஆற்றங்கரையில் பாதை வேண்டுமா, வேண்டாமா என்பதல்ல பிரச்னை. யாரை வைத்து, யாருக்காக, எதற்குப் பிறகு பாதை போடுகிறார்கள் என்பதே பிரச்னை. இரண்டு தொழில் நகர்ப் பகுதிகளின் அனுபவத்தை நமது வாசகர்களின் முன் வைக்கிறோம்.

முதலாவது, அதே ஜெர்மனியின் ரூர் பிரதேசம். நிலக்கரிச் சுரங்கமும் எஃகு ஆலையும் நிறைந்த பகுதி. அதன் நடுவே ஓடுகிறது எம்ஷர் என்ற ஆறு. சுரங்கம் வெட்ட வெட்ட மேலே பூமி உள்வாங்கியது. ஆகவே பூமிக்கடியில் சாக்கடைக் குழாய் பதிக்க முடியவில்லை. ஆற்றையே சிமெண்டுக் கால்வாயாக்கி, அத்தனை ஆலைக் கழிவையும் ஊர்ச் சாக்கடையையும் அதில் திறந்துவிட்டார்கள். சுமார் நூறு வருட காலம் அது நாறியது. இரு கரையிலும் வேலி. யாரும் கிட்டே போக முடியாது.

சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பிறகு, 1992ல் அந்த ஆற்றைச் சீர்படுத்தும் வேலை தொடங்கியது. சுமார் 430 கிலோமீட்டர் நீளத்திற்குப் பூமிக்கடியில் சாக்கடைக் குழாய் பதிக்கப்பட்டது. சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. சுமார் 550 கோடி யூரோ செலவாயிற்று. 2021 முடிவில் சாக்கடை நீர் கலக்காத ஆறாக எம்ஷர் ஓடத் தொடங்கியது. இன்று அதன் கரையோரமாக சுமார் 100 கிலோமீட்டர் சைக்கிளில் போகலாம். வேலி போட்டு அடைத்திருந்த கரைப் பாதைகளையும், சுரங்கத்துக்கும் ஆலைக்கும் சரக்கு ஏற்றிய பழைய ரயில் தடங்களையும் சைக்கிள் பாதைகளாக மாற்றியிருக்கிறார்கள். 1985ல் மூடப்பட்ட மைடரிக் எஃகு ஆலையின் உலைகள் இன்று பூங்காவின் நடுவே நிற்கின்றன.

இது முதலாளிகளின் தர்ம சிந்தையால் விளைந்ததா? ஒருபோதும் இல்லை. ரைன்ஹௌசன் எஃகு ஆலையை மூடப் போவதாக 1987ல் அறிவிப்பு வந்ததும் தொழிலாளர்கள் பொங்கி எழுந்தார்கள். மாதக் கணக்கில் போராடினார்கள். ரைன் நதிப் பாலங்களை மறித்தார்கள். ஆலை 1993ல் மூடப்பட்டது உண்மை. ஆனால் அவர்கள் மறித்த பாலம் இன்றும் "ஒற்றுமைப் பாலம்" என்றே அழைக்கப்படுகிறது. சுரங்கங்களின் கதையும் அப்படியே. 2018ல் கடைசிக் கரிச் சுரங்கத்தை மூடியபோது, சுரங்கத் தொழிலாளிகளை ஒரே நாளில் தெருவில் தள்ள முடியவில்லை. பல வருடங்களுக்கு முன்பே தேதி குறித்து, முன்கூட்டிய ஓய்வூதியமும் மாற்று ஏற்பாடும் செய்ய வேண்டியிருந்தது. தொழிற்சங்கத்தின் பலமே இதற்குக் காரணம். அங்கே சொர்க்கம் வந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ரூர் நகரங்களில் வேலையில்லாத் திண்டாட்டம் இன்னமும் ஜெர்மனியின் சராசரியைவிட அதிகம். பாதை ஆலைக்கு ஈடாகாது. ஆனாலும் அங்கே முதலில் தண்ணீரைச் சுத்தம் செய்தார்கள். கரையைப் பிறகு திறந்துவிட்டார்கள். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, நம் நாட்டின் அகமதாபாத். 1861ல் அங்கே முதல் பஞ்சாலை ஓடத் தொடங்கியது. நாளடைவில் இந்தியாவின் பெரிய மில் நகரங்களில் ஒன்றாயிற்று. 1980களிலும் 90களிலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள் மூடப்பட்டன. பல்லாயிரம் தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். தள்ளுவண்டி, கட்டட வேலை, மூட்டை தூக்குவது என்று கிடைத்த கூலிக்குப் போனார்கள். இப்படி அன்றாடங்காய்ச்சிகளான ஏழை ஜனங்களில் பல்லாயிரம் பேர் சபர்மதி ஆற்றங்கரைக் குடிசைகளில் வாழ்ந்தார்கள்.

1997ல் ஆற்றங்கரை அபிவிருத்திக்கென்று ஒரு கம்பெனி அமைக்கப்பட்டது. 2005ல் வேலை தொடங்கியது. ஆற்றின் இரு புறமும் சுவர் எழுப்பி, ஆற்றை ஒடுக்கி, புதிதாக நிலம் எடுத்தார்கள். அதில் ஒரு பகுதி வியாபாரக் கட்டடங்களுக்கு விற்பதற்கென்றே ஒதுக்கப்பட்டது. கீழ்த்தளத்தில் இரு கரையிலும் பதினொரு கிலோமீட்டர் அளவில் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமாகப் பாதை. 2012ல் அது திறக்கப்பட்டது. பாதை அழகானது, சந்தேகமில்லை. ஆனால் அதற்காக 10,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் கரையிலிருந்து அகற்றப்பட்டன.

அம்மக்கள் சும்மா இருக்கவில்லை. சங்கமாகத் திரண்டு 2005ல் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். தடையுத்தரவு வாங்கினார்கள். அந்தப் போராட்டம் இல்லாவிட்டால் கிடைத்த மாற்று வீடுகளும் கிடைத்திருக்காது. கிடைத்த வீடுகளும் எங்கே? வட்வா, ஓடவ் என்று ஊரின் விளிம்பில். நகரத்துக்குள் வேலை, விளிம்பில் வீடு. கூலியில் ஒரு பங்கை வண்டிச் சத்தம் விழுங்கிவிடுகிறது.

ஆறாவது சுத்தமாயிற்றா? நகரத்து மதில்களுக்கிடையே தளும்புவது நர்மதைக் கால்வாயிலிருந்து திருப்பிவிட்ட தண்ணீர். வாஸ்னா தடுப்பணைக்குக் கீழே ஓடுவதோ சாக்கடையும் ஆலைக் கழிவும். இந்த அவலத்தை 2021ல் குஜராத் ஹைகோர்ட் தானாகவே வழக்காக எடுத்துக் கொண்டது. நகரத்தில் சைக்கிள் விடுகிறவனுக்கு நல்ல தண்ணீர். கீழே கழனியில் இறங்கும் விவசாயத் தொழிலாளிக்குக் கழிவு நீர்! இதுதான் அவர்கள் சொல்லும் அபிவிருத்தி.

இது குஜராத்தோடு நிற்கிற விஷயமல்ல. நமது பஞ்சாலை நகரமான கோயமுத்தூரைப் பாருங்கள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் பேரால் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளில் நடைபாதையும் சைக்கிள் பாதையும் வந்தன. குளக்கரைக் குடும்பங்களோ கீரநத்தத்துக்கும் மலுமிச்சம்பட்டிக்கும் அனுப்பப்பட்டன. சென்னையில் கூவம், அடையாறு கரைகளிலிருந்து 2015 வெள்ளத்திற்குப் பின் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் விடப்பட்டன. வெள்ள அபாயம் உண்மையே. நாற்றமடிக்கும் கரையில், வெள்ளத்துக்குப் பயந்து யாரும் ஆசைப்பட்டுக் குடியிருப்பதில்லை. வேலை பக்கத்தில் இருக்கிறது, அதனால் இருக்கிறார்கள். வேலையிலிருந்து பிரித்து எறிவது பாதுகாப்பாகாது, வயிற்றிலடிப்பதாகும்.

நொய்யலின் கதை நமது வாசகர்களுக்குத் தெரியும். திருப்பூர்ச் சாயக் கழிவு ஒரத்துப்பாளையம் அணையை விஷக் குட்டையாக்கியது. கீழே இருந்த விவசாயம் பாழாயிற்று. 2011ல் சாயப் பட்டறைகளை மூடும்படி ஹைகோர்ட் உத்தரவிட வேண்டி வந்தது. அப்போதும் வேலை போனது தொழிலாளிக்கே. கழிவைச் சுத்திகரிக்கும் செலவை லாபம் எடுத்தவன் ஏற்றிருந்தால் ஆலைத் தொழிலாளிக்கும் வயல் தொழிலாளிக்கும் இந்தக் கதி வந்திருக்காது. இருவரையும் எதிர் எதிரே நிறுத்திப் பார்ப்பது முதலாளிகளின் தந்திரம். அதற்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது.

ஆகவே, ஆற்றங்கரையிலோ குளக்கரையிலோ பாதை போடும் ஒவ்வொரு இடத்திலும் நாம் கோர வேண்டியவை இவை:

முதலில் தண்ணீர், பிறகு பாதை. சாக்கடையையும் ஆலைக் கழிவையும் நிறுத்தும் செலவைக் கழிவு விடுகிற ஆலை முதலாளியிடம் வசூலிக்க வேண்டும்.

கரையில் குடியிருப்போரின் கூட்டத்தைக் கூட்டி, ஜாபிதாவை அவர்கள் முன் படித்து, அவர்கள் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிச் சாவி கொடுக்காமல், ஒரு குடிசையையும் தொடக் கூடாது.

கரை நிலம் பொதுச் சொத்து. ஒரு சென்ட் கூட விற்கக் கூடாது.

பாதைக்கு டிக்கெட் கூடாது. ஷிப்டு விட்டு வருகிற நேரத்திலும் அது திறந்திருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். பூங்காவோடு நின்றுவிடாமல் மில் வாசலுக்கும், சந்தைக்கும், தொழிலாளர் குடியிருப்புக்கும் பாதை போய்ச் சேர வேண்டும்.

பாதையைப் பராமரிக்கும் வேலையைக் கண்டிராக்ட்காரனிடம் விடாமல், கரை மக்களுக்கே நிரந்தர வேலையாகக் கொடுக்க வேண்டும்.

இவற்றில் ஒன்றும் ஆகாயத்திலிருந்து விழாது. அகமதாபாத் குடிசை மக்கள் திரண்ட பிறகே மாற்று வீடு வந்தது. ரைன் கரைத் தொழிலாளர்கள் பாலத்தை மறித்த பிறகே அவர்கள் குரல் கேட்கப்பட்டது. மில் சங்கங்களும், விவசாயத் தொழிலாளர் சங்கமும், கரையோர மக்களும் ஒரே மேடையில் நின்று இந்தக் கோரிக்கைகளை எழுப்ப வேண்டும். உங்கள் ஊரில் கரை அளக்க வருகிற அன்றே கூட்டம் போடுங்கள். சுவர் எழும்பும்வரை காத்திருக்க வேண்டாம்.