விசில் தந்தோம், விதி தந்தோமா?

தம்பி!

திருவிழாக் காலம். ஊர்க்கோடியிலே குழல்விளக்குகள் கட்டியாயிற்று. சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. ஒலிபெருக்கி முழங்குகிறது. களத்திலே பதினான்கு காளையர். சுற்றிலும் ஆயிரம் பேர். சடுகுடு தொடங்கும் வேளையிலேதான் விழாக்குழுவினருக்கு நினைவு வருகிறது: "நடுவர் எங்கே?"

கூட்டத்திலே நிற்கும் பழைய ஆட்டக்காரர் ஒருவரை இழுத்து வருகிறார்கள். கையிலே ஒரு விசில்! பயிற்சி? இல்லை. விதிநூல்? இல்லை. ஊதியம்? ஒரு சோடா, தோளிலே ஒரு துண்டு! பத்து நிமிடத்திலே அந்த நல்லவர் இரு அணிக்கும் பகைவராகிறார். களத்துச் சண்டை தெருச் சண்டையாகிறது. சில இடங்களிலே சாதிச் சண்டையாகவும் வளர்கிறது. மறுநாள் பழி யார்மீது? விசில் ஊதியவர்மீது!

சிற்றூரை விடு, தம்பி! 2023 அக்டோபர் 7, சீனத்து ஹாங்சோ நகரம். ஆசிய விளையாட்டிலே ஆடவர் கபடி இறுதி ஆட்டம். இந்தியாவும் ஈரானும் 28–28. முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை. பவன் செராவத் பாடிச் சென்றார். எவரையும் தொடாமல் லாபியிலே கால் வைத்தார். பிடிக்க வந்த ஈரானியரும் அவரோடு லாபிக்குள் வந்தனர். பழைய விதிப்படி ஒரு கணக்கு, புதிய விதிப்படி வேறு கணக்கு! தீர்ப்பு மாறி மாறி வந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. முடிவிலே இந்தியா 33–29 என வென்றது. ஆனால், எந்த விதி செல்லும் என்பதிலே ஆசியக் களமே தடுமாறிற்றே! ஆண்டிப்பட்டிக் களம் என்ன செய்யும்?

கபடிக்கு ஒரு விசில் போதாது. ஒரு ரெஃப்ரி, இரண்டு அம்பயர், ஒரு ஸ்கோரர், இரண்டு துணை ஸ்கோரர் என ஆறு பேர் வேண்டும். ஒரு பாட்டுக்கு 30 நொடிதான். அதற்குள் காலையும் பார்க்கவேண்டும், கையையும் பார்க்கவேண்டும், கோட்டையும் பார்க்கவேண்டும். இது பிறவியிலே வருவதா? பழக்கத்திலே வருவது!

"தொண்டு செய்ய வருபவனைப் பாடம் படி என்றால் ஓடிவிடுவானே" என்பர் சிலர். பாடம் கண்டு எவரும் ஓடவில்லை. ஆயிரம் பேர் நடுவிலே தனியே விடப்பட்டதால் ஓடுகிறார்கள்!

ஆகவே, மாவட்டக் கபடிக் கழகங்களும் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர்களும் கூடட்டும். இவ்வாண்டு நடப்பிலுள்ள விதி எது என்பதை எளிய தமிழிலே அச்சிட்டுக் கையிலே தரட்டும். இரண்டு நாள் பாடம்; பிறகு களம். புதியவருக்கு முதலிலே பள்ளிச் சிறுவர் ஆட்டம். கோட்டருகே அனுபவசாலி ஒருவர் நிற்கட்டும். கூட்டத்தின் எதிரிலே திருத்தாமல், ஆட்டம் முடிந்தபின் தனியே பத்து நிமிடம் பேசட்டும். யார் எத்தனை ஆட்டம் நடத்தினார், எங்கே தடுமாறினார் என்பதற்கு ஒரு பதிவேடு. ஆண்டுதோறும் ஒரு மறுபயிற்சி. ஆடி ஓய்ந்த மகளிரையும் அழையுங்கள். ஆட்டம் அறிந்த கண்களை அடுப்படியிலே வீணாக்குவானேன்?

பேருந்துக் கட்டணமும் ஒருவேளைச் சோறும் தருவது பிச்சையல்ல, கடமை. நடுவரை ஏசியவரை வெளியேற்றுவது விழாக்குழுவின் பொறுப்பு.

ஆளுயரக் கோப்பைக்குப் பணம் இருக்கிறது. வாணவேடிக்கைக்குப் பணம் இருக்கிறது. நீதி சொல்லும் ஆளை உருவாக்க மட்டும் இல்லையா? அடுத்த திருவிழாவுக்கு விளக்குக்காரருக்கு முன்பணம் கொடுக்குமுன், தம்பி, நடுவருக்குப் பயிற்சி கொடு! வெளிச்சம் முதலிலே அங்கே வரட்டும்!