கற்றவர் யார்?

வளர்ந்தோர்க்குக் கற்பிக்க முன்வருவோர் பயிற்சியின் முடிவில் ஒரு சிறிய மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். 15 நிமிடங்கள், எதிரே ஒரு மதிப்பீட்டாளர், அவர் கையில் ஒரு மதிப்பெண் தாள். பாடம் முடிந்ததும், "எப்படி நடத்தினார்?" என்று எல்லாரும் கேட்கின்றனர். "கற்றவர் யார்?" என்று கேட்பார் இல்லை. இந்தக் கேள்வியைக் கேளாத மதிப்பீடு நாடகத்திற்கு வழங்கும் பரிசேயன்றி வேறில்லை என்பது நம் துணிபு. இதனைச் சொல்ல நமக்குத் தகுதி உண்டா? அந்தப் பரிசை வழங்கியோருள் நாமும் ஒருவர் என்பதே நமது தகுதி.

சென்ற ஆண்டு நம் பங்கு மண்டபத்தில் எழுத்தறிவுத் தொண்டர்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடைபெற்றது. இறுதி நாளன்று மதிப்பீட்டாளராக நாமும் அமர்ந்திருந்தோம். ஓர் இளம்பெண் 'ப' என்னும் எழுத்தைக் கற்பித்தார். இரவெல்லாம் விழித்து வரைந்த வண்ண அட்டைகள், தெளிவான குரல், கரும்பலகையில் முத்துமுத்தான எழுத்து. உடன்பயிற்சி பெற்றோர் எழுதப்படிக்கத் தெரியாதவர்களாக நடித்தனர். வேண்டுமென்றே உளறினர், தலையைச் சொறிந்தனர், ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தனர். குரல்வளம், துணைக்கருவி, நேரக் கட்டுப்பாடு எனத் தாளிலிருந்த பத்து இனங்களுக்கும் நிறைவான மதிப்பெண் இட்டோம்.

மண்டபத்தைக் கூட்டுவதற்காக வந்திருந்த ஓர் அம்மாள் அந்த 15 நிமிடமும் வாயிற்படியருகே அமர்ந்திருந்தார். ஏறத்தாழ அறுபது வயதிருக்கும். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைப்பவர். எல்லாரும் சென்றபின் நம்மிடம் வந்து, "சாமி, எழுதப் படிக்கத் தெரியாதவுங்க இப்படியா இருப்போம்?" என்று கேட்டார். சுவரில் தொங்கிய அட்டையைக் காட்டி, "அது என்ன எழுத்து?" என்றும் கேட்டார். அம்மண்டபத்தில் உண்மையாகவே கற்க வேண்டியவர் அவர் ஒருவரே. அவரை உள்ளே வந்து அமருமாறு அழைக்க எவருக்கும் தோன்றவில்லை, நமக்கும் தோன்றவில்லை. குற்றம் அந்த இளம்பெண்ணுடையது அன்று. எதற்கு மதிப்பெண் கொடுத்தோமோ, அதையே அவர் ஆயத்தம் செய்துவந்தார்.

குறும்பாடம் என்னும் முறையை நாம் வெறுக்கவில்லை. 1963-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடைய துணைவர்களும் உருவாக்கிய அருமையான கருவி அது. நம் நாட்டு ஆசிரியர் கல்லூரிகள் அதற்குப் பின்பற்றும் கால அளவைக் கவனியுங்கள்: கற்பித்தல் 6 நிமிடம், குறைநிறை கூறல் 6, திருத்தி ஆயத்தம் செய்தல் 12, மீண்டும் கற்பித்தல் 6, மீண்டும் குறைநிறை கூறல் 6. ஆக மொத்தம் 36 நிமிடங்களில் மிகுதியான நேரம் திருத்தத்திற்கே ஒதுக்கப்பட்டுள்ளது. தவறி, உணர்ந்து, மறுபடியும் எழுந்து செய்வதே அம்முறையின் உயிர். நாமோ உயிரை விட்டுவிட்டு உடலை மட்டும் எடுத்துக்கொண்டோம். முதல் முறை கற்பித்ததற்கே மதிப்பெண் இட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். மறுவாய்ப்பு அளிக்காத பயிற்சியைப் பயிற்சி என்று எவ்வாறு அழைப்பது?

வளர்ந்தோரின் கல்வியோ இன்னும் நுட்பமானது. அவர்கள் வெற்றுப் பானைகள் அல்லர். 1963-இல் பிரேசில் நாட்டின் அங்கிகோஸ் என்னும் சிற்றூரில் பவுலோ பிரையர் தம் குழுவினருடன் ஏறத்தாழ 300 தொழிலாளர்க்கு 40 மணி நேர எழுத்தறிவு வகுப்பு நடத்தினார். அவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்கவில்லை. அம்மக்கள் அன்றாடம் புழங்கிய சொற்களிலிருந்தே தொடங்கினார். மறு ஆண்டு இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதும் அவர் சிறையிலடைக்கப்பட்டார். 1990-களின் தொடக்கத்தில் நம் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுத் தந்ததை நாம் மறந்துவிடலாகாது. மிதிவண்டி கற்பிப்பவர் தாமே ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தால் எந்தப் பெண் கற்றிருப்பார்? கற்பவர் இருக்கையில் ஏறி அமர்ந்து மிதிக்க வேண்டும். எழுத்தும் அத்தகையதே.

திருச்சபையின் மரபும் இதற்கு மாறானதன்று. கி.பி. 400-ஐ ஒட்டிய காலத்தில், தெயோகிராத்தியாஸ் என்னும் கார்த்தேஜ் நகரத் திருத்தொண்டர், தம் போதனை தமக்கே சலிப்பூட்டுவதாகப் புனித அகுஸ்தினாரிடம் முறையிட்டார். மறுமொழியாகப் புனிதர் ஒரு நூலே எழுதினார். அதன் முடிவில் இரு மாதிரி உரைகளைத் தந்தார். ஒன்று நீண்டது, மற்றொன்று குறுகியது. ஆனால் மாதிரி உரைகளுக்கு முன்பே, கேட்க வந்தவர் எந்நோக்கத்தோடு வந்தார் என வினவவும், அவர் புரிந்துகொண்டாரா எனக் கேட்டறியவும், நின்று களைத்தால் அவருக்கு இருக்கை அளிக்கவும் அறிவுறுத்தினார். உரையின் அழகைவிடக் கேட்பவரின் கால்வலி அம்மேதைக்குப் பெரிதாகப்பட்டது. நம் மதிப்பெண் தாளில் கால்வலிக்கு இடமுண்டா?

எனவே பயிற்சி பெறுவோர்க்கு நாம் கூறுவது இதுவே. ஒரு மணி நேரப் பாடத்தைக் கால் மணிக்குள் திணிக்காதீர்கள். நேரம் முடியும்போது கற்பவர் எதனைத் தாமே செய்ய வல்லவராக இருப்பார் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "எழுத்துகளை அறிந்துகொள்வார்" என்பது போதாது. "பேருந்தின் பலகையில் தம் ஊர்ப் பெயரை அடையாளம் காண்பார்" என்பதே இலக்கு. 2 நிமிடம் அவரிடம் கேளுங்கள். 3 நிமிடம் காட்டுங்கள். 7 நிமிடம் அவரே செய்யட்டும். எஞ்சிய 3 நிமிடத்தில், உங்கள் உதவியின்றி அவரால் இயலுகிறதா எனப் பாருங்கள். அட்டைக்கு வண்ணம் தீட்டுவது அதன்பிறகு.

"ஏழை மக்களைச் சோதனைப் பொருளாக்கலாமா?" என்று சிலர் வினவுவர். நியாயமான தடைதான். அவர்களது இசைவைப் பெறாமல் அழைப்பது தவறே. ஆனால் அவர்களைப்போல் நடித்து நகைப்பது அதனினும் பெரிய தவறன்றோ? கற்போர் கிடைக்கவில்லையெனில் நடிப்பு வேண்டாம். உடன்பயிற்சி பெறுவோர் மெய்யாகவே அறியாத ஒன்றைக் கற்பியுங்கள். மீனவ இளைஞர் வலைமுடிச்சைக் கற்பிக்கட்டும். கூடை முடைபவர் முதல் பின்னலைக் கற்பிக்கட்டும். முடிச்சு விழுந்ததா இல்லையா என்பதை எந்தத் தாளும் இன்றி எல்லாரும் காண்பர். தெரியாமல் தடுமாறுவது எத்தகையது என்பதை அன்றுதான் பயிற்சி பெறுவோரும் உணர்வர். மதிப்பிடுவோர்க்கு ஒரு சொல்: பத்து இனங்களுக்கும் மேலாகப் பதினோராவதாக, "கற்றவர் யார்? எதனை?" என்று எழுதுங்கள். அதற்கு விடை இல்லையேல் தோல்வி என்று குறிக்காதீர்கள். மீண்டும் ஒருமுறை நடத்தச் சொல்லுங்கள்.

அந்த அம்மாள் கேட்ட இரு கேள்விகளில் இரண்டாவதற்கு அன்றே விடை கூறினோம். முதல் கேள்விக்கு இன்னும் கூறவில்லை. அடுத்த பயிற்சி தொடங்குமுன் அவரிடம் பொறுத்தருளக் கேட்டு, அவர் விரும்பினால் மண்டபத்தின் முதல் வரிசையில் ஒரு நாற்காலி இடுவோமாக.